புரூக்ஸ் அருவிக் கரடி நேரலை: சாட் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களைப் பற்றி உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் இருக்கும் புரூக்ஸ் அருவியைப் பற்றி இங்கே அறிமுகம் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆறடி உயர அருவி, கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும் சாக்ஐ என்ற வகை சால்மன் மீன்கள், அவற்றைப் பிடிக்க வரிசையாக வந்து நிற்கும் பழுப்புக் கரடிகள். 2012-லிருந்து எக்ஸ்ப்ளோர் தளம் இதை நேரலையாகக் காட்டி வருகிறது. கரடிகளைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியாகிவிட்டது, இன்றைக்கு அந்த நேரலைக்குப் பக்கத்தில் ஓடும் சாட்டை, அதாவது பார்க்கிறவர்கள் எழுதும் அரட்டைப் பகுதியை, ராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும் மாடரேட்டர்களைப் பற்றிப் பேசுவோம். சம்பளம் கிடையாது. யார், எந்த ஊர் என்பதுகூட நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் இல்லையென்றால் நான் அந்தப் பக்கத்தை எப்போதோ மூடிவிட்டுப் போயிருப்பேன்.

2024 செப்டம்பர் 30-ஐ நான் மறக்க மாட்டேன். அங்கே திங்கட்கிழமை காலை, எனக்கு ராத்திரிச் சமையல் வேலையெல்லாம் முடிந்த நேரம். எந்தக் கரடி நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று இணையத்தில் ஓட்டுப்போடும் கொழுத்த கரடி வாரத்தின் அந்த வருடப் போட்டி அட்டவணையை அன்றைக்கு அறிவிப்பதாக இருந்தார்கள், அதற்காகத்தான் போனைத் திறந்தேன். திறந்தால் 402 என்ற பெண் கரடியை 469 என்ற ஆண் கரடி ஆற்றிலேயே வைத்துத் தாக்கிக்கொண்டிருக்கிறது. 402 வயதான கரடி, எத்தனையோ குட்டிகளை வளர்த்த தாய். விட்டுவிடும் விட்டுவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம், விடவில்லை.

சாட் அப்போது இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். ஒருவர் ரேஞ்சர்கள் எங்கே என்று கத்துகிறார், ஒருவர் அந்த ஆண் கரடியைச் சுடுங்கள் என்கிறார், இன்னொருவர் கேமராவை அணையுங்கள் என்கிறார், அதற்குக் கீழேயே அணைக்காதீர்கள் என்று வேறொருவர். அழுகிறவர்கள், திட்டுகிறவர்கள், அப்போதுதான் உள்ளே வந்து என்ன நடக்கிறது என்று கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில். அதற்கு நடுவில் இரண்டு மாடரேட்டர்கள் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பூங்காவின் கொள்கைப்படி விலங்குகளுக்குள் இயற்கையாக நடக்கும் எதிலும் ரேஞ்சர்கள் தலையிட மாட்டார்கள் என்ற ஒரே பதிலை அவர்கள் எத்தனை முறை எழுதினார்கள் என்று எண்ணவே முடியாது. ஒவ்வொரு முறையும் கேட்டவரின் பெயரைச் சொல்லி, இரண்டு வரி சேர்த்து எழுதினார்கள். முந்தின பதிலை அப்படியே ஒட்டவில்லை. பார்க்க முடியவில்லை என்றவர்களிடம் கொஞ்ச நேரம் வேறு கேமராவுக்குப் போய்விட்டு வாருங்கள், இங்கேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார்கள்.

நான் கவனித்த இன்னொன்று, எதை அழித்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பது. 469-ஐக் கொலைகாரன் என்று கெட்ட வார்த்தையோடு எழுதியவை போய்விட்டன. அந்தப் படங்களை எடுத்து அதிர்ச்சித் தலைப்பு வைத்து ஒட்டியவையும் போயின. ஆனால் ஒரு பெண்மணி சமீபத்தில் தன் அம்மா இறந்ததைப் பற்றி நீளமாக எழுதினார். கரடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, விதிப்படி பார்த்தால் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கீழே ஆறுதலாக ஒரு வார்த்தையும் போட்டார் ஒரு மாடரேட்டர். அப்புறம் யாரோ 503-ன் கதையை ஆரம்பித்தார்கள். 2014-ல் 402 விட்டுப்போன குட்டிதான் 503. அதை 435 ஹாலி என்ற இன்னொரு தாய்க்கரடி தன் குட்டியோடு சேர்த்து வளர்த்தது, கரடிகளில் ரொம்ப அபூர்வமாக நடக்கிற விஷயம். ஒருவர் எழுத, இன்னொருவர் பழைய ஸ்க்ரீன்ஷாட்டைத் தேடிப் போட, கொஞ்சம் கொஞ்சமாகச் சாட்டில் இருந்த கூச்சல் அடங்கி எல்லாரும் 402-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். துக்க வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அட்டவணை அறிவிப்பைத் தள்ளிப்போட்டார்கள். அன்றைக்குச் சாட்டில் வேலை பார்த்தவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதினேன், அது போதாது என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

*

அக்கா, நல்ல விஷயம் ஆரம்பித்தீர்கள். நான் ரியாத்தில் இருக்கிறேன், நைட் ஷிஃப்ட் ஆள், அதனால் இடைவேளையில் எனக்குக் கரடிதான் துணை.

டம்ப்ளிங் மலைச் சம்பவத்தை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், நானே எழுதிவிடுகிறேன். 2023 செப்டம்பர் 5. புரூக்ஸ் ஆற்றுக்கு மேலே இருக்கும் டம்ப்ளிங் மலையிலும் ஒரு கேமரா உண்டு, அதில் கரடி வராது, மலையும் மேகமும்தான் தெரியும். யார் அதைப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்போம். அன்றைக்குக் காற்றும் மழையுமாக இருக்கும்போது ஒரு மனிதர் கேமரா முன்னால் வந்து நின்று, உதவி செய்யுங்கள் என்று வாயசைத்திருக்கிறார். வழி தவறிவிட்டது, எதிரே எதுவும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சிலர் உடனே கமெண்டில் எழுத, செய்தி பூங்காவுக்குப் போய், ரேஞ்சர்கள் கிளம்பி அவரைக் கண்டுபிடித்துப் பத்திரமாகக் கீழே கூட்டி வந்தார்கள்.

நான் அன்றைக்கு லைவில் இல்லை, பின்னால்தான் பதிவைப் பார்த்தேன். ஆனால் எனக்குத் தோன்றியது இதுதான். யாரும் கவனிக்காத கேமராவின் கமெண்டையும் யாரோ படித்துக்கொண்டிருக்க வேண்டும், அதில் வந்ததை விளையாட்டு என்று தள்ளிவிடாமல் எடுத்துக்கொள்ளவும் வேண்டும். எத்தனை தளங்களில் நாம் ஏதாவது புகார் எழுதினால் பதிலே வருவதில்லை? இங்கே கமெண்டைப் படிக்கிற பழக்கம் இருந்ததால் ஒருவர் வீடு திரும்பினார்.

*

மதுரையிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பெரிய சம்பவம் எதுவும் இல்லை, பையன் கதைதான்.

அவன் அப்போது நாலாம் வகுப்பு. கிரேஸர் என்றால் உயிர், 128 கிரேஸர் என்ற பெண் கரடி. சாட்டில் நானும் கேள்வி கேட்பேன் என்று அடம்பிடித்து அவனே தட்டினான், கரடிக்கு ஏன் நம்பர் வைத்தார்கள் என்று. அவன் இங்கிலீஷ் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் யாரோ ஒருவர் அதைக் கிண்டல் செய்து ஒரு கமெண்ட் போட்டார். பையன் முகம் சுண்டிப்போனது. நான் போனை வாங்கலாம் என்று கை நீட்டுவதற்குள் அந்தக் கமெண்ட் காணாமல் போய்விட்டது, அதே இடத்தில் மாடரேட்டர் ஒருவரின் பதில். நல்ல கேள்வி, ஒவ்வொரு கரடியையும் வருடா வருடம் கவனித்துப் பதிவு செய்வதற்காகப் பூங்கா ஊழியர்கள் நம்பர் கொடுக்கிறார்கள், பெயரெல்லாம் செல்லப்பெயர் மாதிரிதான் என்று சின்னச் சின்ன வாக்கியமாக, குழந்தைக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தார். கிண்டல் செய்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதோடு விடவில்லை. கிரேஸரை நீயே கண்டுபிடிக்கலாம், காதைப் பார், வெளிர் மஞ்சளாக இருக்கும் என்றார். ஓடிஸ் என்ற கரடிக்கு வலது காது தொங்கும், சங்க் என்ற கரடிக்கு மூக்கின் மேலே குறுக்கே தழும்பு இருக்கும் என்றும் சொன்னார். பையன் அதையெல்லாம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டான். இப்போது என்னைவிட அவனுக்குத்தான் கரடி அடையாளம் தெரியும். வகுப்பில் ஒரு ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையை, உலகத்தின் மறுகோடியில் இருந்து முகம் தெரியாத ஒருவர் செய்துவிட்டுப் போனார்.

*

அம்மா, உங்கள் பையனுக்கு என் வாழ்த்துகள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், அந்தக் கடைசி வரி எனக்கும்தான்.

ஒரு சிலர் இங்கே முன்பு எழுதியிருந்தார்கள், அந்தச் சாட்டில் கட்டுப்பாடு ரொம்ப அதிகம், கரடியைத் திட்டினால்கூட எடுத்துவிடுகிறார்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை, காரணத்தைச் சொல்கிறேன். 2024 ஜூலையில் கிரேஸரின் குட்டிகள் அருவியில் அடித்துக்கொண்டு போய்ச் சங்க் இருந்த பக்கம் சேர்ந்தன. சங்க் தாக்கியது, கிரேஸர் தன்னைவிட எவ்வளவோ பெரிய அந்த ஆண் கரடியோடு மோதியது, ஆனாலும் ஒரு குட்டி பிழைக்கவில்லை. அதற்கு அப்புறம் அக்டோபரில் கொழுத்த கரடிப் போட்டியின் இறுதிச் சுற்றில் எதிரும் புதிருமாக வந்தவை இதே கிரேஸரும் சங்க்கும். கிரேஸர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. பழிவாங்கல் கதையாக அதை எழுத எல்லாருக்கும் கை துறுதுறுத்தது. மாடரேட்டர்கள் கொண்டாட்டத்தைத் தடுக்கவில்லை, மீம் போட்டவர்கள் போட்டார்கள். ஆனால் சங்க்கை வில்லன் ஆக்கி வன்மம் கக்கிய இடத்தில் நிறுத்தினார்கள். ஆண் கரடிகள் குட்டிகளைத் தாக்குவது அவற்றின் வாழ்க்கையில் உள்ளதுதான், மனிதனின் குற்றத்தை அளக்கும் அளவுகோலை அதன் மேல் வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

2025-ல் அதே சங்க் தாடை உடைந்து வந்து நின்றது. வாய் ஒரு பக்கம் தொங்க, அந்த வலியோடு மீன் பிடித்துத் தின்று உடம்பு ஏற்றியதைப் பார்த்து எத்தனை பேர் கலங்கினோம். போட்டியிலும் அதுதான் ஜெயித்தது. முந்தின வருடம் சாட்டை வெறுப்புக்கு விட்டிருந்தால், அந்த இடம் சங்க்குக்காக இப்படி உருகியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். கட்டுப்பாடு என்று நாம் சலித்துக்கொண்டது இதற்குத்தான் உதவியது.

*

சார், நீங்கள் சொன்னதை நானும் அப்படியே உணர்ந்தேன். தம்பி எழுதிய டம்ப்ளிங் மலை விஷயம் எனக்குச் செய்தியாகத் தெரியும், சாட்டோடு சேர்த்து யோசித்ததில்லை.

முதல் பதிவில் நான் எழுதாமல் விட்ட ஒன்று, ஓடிஸ். 480 ஓடிஸ் நாலு முறை கொழுத்த கரடிப் பட்டம் வாங்கிய கரடி, 2014, 2016, 2017, 2021. பல் போன வயதிலும் அருவிக்குக் கீழே தன் இடத்தில் அசையாமல் உட்கார்ந்து மீன் வரும்வரை காத்திருக்கும். 2024-ல் வரவில்லை, 2025-லும் வரவில்லை. ஆனாலும் ஜூலை பூராவும் தினமும் யாராவது ஒருவர் சாட்டுக்குள் வந்து ஓடிஸ் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு நாளும் எரிச்சலாகப் பதில் வந்து நான் பார்த்ததில்லை. இங்கே இன்னும் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்பதற்கு மேல் எங்களால் எதுவும் சொல்ல முடியாது என்பார்கள். இறந்துவிட்டது என்று யாராவது அடித்துச் சொன்னால் அதையும் நிதானமாகத் திருத்துவார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல் இருப்பது இணையத்தில் எவ்வளவு அரிது என்று யோசித்துப் பாருங்கள்.

உள்பெட்டியில் இரண்டு மூன்று பேர் நேரம் கேட்டிருந்தீர்கள். அலாஸ்கா கோடைக்காலத்தில் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். ஜூன் கடைசியில் கரடிகள் வர ஆரம்பிக்கும், அங்கே சீக்கிரமே விடிந்துவிடும், அதனால் நம் ஊரில் சாயங்காலம் ஆறரை ஏழு மணிக்குத் திறந்தாலே வெளிச்சம் இருக்கும். ஜூலையும் செப்டம்பரும் நல்ல கூட்டம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்று எழுதிவிட்டுக் கேள்வி கேளுங்கள், பதில் வரும். முடிந்தால் மாடரேட்டர்களுக்கு ஒரு நன்றியும் எழுதுங்கள், அவர்கள் அதைப் படிக்கிறார்கள்.