பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு: எங்க ஆயா வீட்டு வாசனை எப்படி வரும்?

மஞ்சக்குப்பம்_மகள்:
வணக்கம். கடலூர், பண்ருட்டி, புதுவை பக்கத்துச் சமையல் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

போன மே மாசம் கல்யாணப் பத்திரிகை வைக்க முதுநகர் போயிருந்தோம். மதியம் ஆயிடுச்சேன்னு துறைமுகம் போற வழியில ஒரு சின்ன மெஸ்ஸுல உக்காந்தோம். மீன் குழம்பு கேட்டதுக்கு, "தடைக்காலம்மா, போட்டு எதுவும் போகல. கருவாட்டுக் குழம்புதான்"னாங்க. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாதுங்கறது மறந்தே போச்சு. இலையில சோத்தைக் குழி பண்ணி ஊத்தினாங்க. வாளைக் கருவாடு, கத்திரிக்காய், கூடவே பலாக்கொட்டை. வாசனை வந்ததும் அப்படியே உக்காந்துட்டேன். "சாப்பிடலையா?"ன்னு வீட்டுக்காரர் ரெண்டு தடவை கேட்டார்.

எங்க ஆயா வீடு பண்ருட்டியிலேருந்து காடாம்புலியூர் போற பக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டா நாங்க அங்கதான். கொல்லையில பலா மரம். சுளை எங்களுக்கு, கொட்டை ஆயாவுக்கு. செம்மண்ணைக் கரைச்சு அதுல கொட்டையைப் புரட்டி, காயவச்சு, பானையில போட்டு வைப்பாங்க. மழைக்காலம் வரைக்கும் கெடாது. சமைக்கிற அன்னிக்கு மேல்தோலை உரிச்சுட்டு, அம்மியில வச்சு குழவியால ஒரே தட்டு. கொட்டை விரியணும், உடையக் கூடாது. அந்த விரிசல்லதான் குழம்பு இறங்கும். தட்டுறது பிள்ளைங்க வேலை. நசுங்கினது தட்டினவங்க தட்டுக்கே வரும், அதனால ரொம்ப பயபக்தியா தட்டுவோம்.

2011 டிசம்பர் 30, தானே புயல்ல அந்த மரம் வேரோட சாஞ்சுது. நம்ம பக்கம் பலாவும் முந்திரியும் என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆயா அதுக்கப்புறம் கொட்டையைக் காசு குடுத்து வாங்கி இந்தக் குழம்பு வைக்கவே இல்ல. இப்ப ஆயாவும் இல்ல. அம்மாகிட்ட கேட்டா, "புளி, மிளகாத்தூள், அவ்ளோதாண்டி"ங்கிறாங்க. அம்மா கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கும், ஆனா இந்த வாசனை வராது. மெஸ்ஸுல சமைச்ச அம்மாவைக் கேட்டேன். பந்தி நேரம், "வடகம்தாம்மா"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. கடையில வடகம் வாங்கித் தாளிச்சேன், சரியா வரல. என் பசங்களுக்கு இதை எப்படியாவது செஞ்சு போடணும்.

நெல்லிக்குப்பம்_அத்தை:
கண்ணு, நீ வாங்கின வடகத்துல விளக்கெண்ணெய் வாசம் இருந்துச்சா? அது இல்லாம நம்ம ஊர் வடகம் இல்ல. எங்க வீட்டு அளவு சொல்றேன். சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு கால் கிலோ, உடைச்ச உளுந்து 100 கிராம், கடுகும் சீரகமும் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், கறிவேப்பிலை, மஞ்சத்தூள், கல்லுப்பு. வெங்காயம் பூண்டை உரல்ல ஒண்ணும் பாதியுமா இடி, மிக்ஸியில அரைச்சா கூழாயிடும். எல்லாத்தையும் பிசைஞ்சு ராத்திரி மூடி வச்சு, காலையில உருட்டி வெயில்ல வை. சாயந்திரம் உதிர்த்து, திரும்பப் பிசைஞ்சு, மறுநாள் திரும்ப உருட்டு. ஈரம் வத்துற வரைக்கும் இதே வேலைதான். கடைசி உருட்டுல கையில விளக்கெண்ணெய் தொட்டுக்க. வருஷம் தாண்டியும் அப்படியே இருக்கும்.

தாளிக்கிறது குழம்பை இறக்கின அப்புறம். நல்லெண்ணெயில, தீயைக் குறைச்சு. உளுந்து சிவக்கணும். வெந்தயம் கருகிச்சோ, மொத்தக் குழம்பும் கசந்துடும்.

முத்தியால்பேட்டை72:
அத்தை சொல்ற அளவு சரி. தாளிப்புல மட்டும் ஒத்துக்க மாட்டேன். புதுச்சேரியில எங்க வீட்டுல வடகத்தை முதல்லயே எண்ணெயில பொரியவிட்டு, அதுலதான் வெங்காயம் வதக்குவோம். குழம்பு முழுக்க அந்த வாசம் ஏறும். 1962ல புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்குக் குடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தப்ப பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கிட்டு பாரிஸ் போன எங்க பெரியப்பா வீட்டுலயும் இன்னிக்கு வரைக்கும் இதே வழக்கம்தான். அங்க இதையே பொடி பண்ணி வடுவான்னு டப்பாவுல விக்கிறாங்க. லீவுக்கு வர்றப்ப அதை வாங்கிட்டு வராம, இங்கேருந்து உருண்டையாத்தான் கட்டிட்டுப் போவாங்க.

சகோதரி, ரெண்டையும் செஞ்சு பாருங்க: பாதி முதல்ல, பாதி இறக்கும்போது.

துறைமுகத்துத்_தம்பி:
அக்கா, வடகத்தை விடுங்க, கொட்டையைப் பச்சையாவே புளியில போடுறீங்களா? புளி சேர்ந்தா கொட்டை சீக்கிரம் வேகாது. முதல்ல வெறும் தண்ணியில முக்கால் பதம் வேகவச்சுட்டு, அப்புறம் புளியை ஊத்துங்க. வாளைக் கருவாடு கரைஞ்சு போகும், சுடுதண்ணியில அலசி கடைசியில போட்டாப் போதும். உப்பு அதுக்கப்புறம்தான் பாக்கணும், கருவாட்டு உப்பே பாதி குழம்புக்குக் காணும்.

மஞ்சக்குப்பம்_மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விளக்கெண்ணெயைச் சொன்னதும் அம்மா, "ஆமாண்டி, ஆயா வடகம் போடுற அன்னிக்கு யார் தலையையும் தொட மாட்டா, கையெல்லாம் பிசுக்கு"ன்னாங்க. இத்தனை நாள் அவங்களுக்கும் ஞாபகம் வரல! நான் வாங்கினதுல அந்த வாசமே கிடையாது. அத்தை, இப்பவே வடகம் போடலாமா?

நெல்லிக்குப்பம்_அத்தை:
ஐப்பசி மழையில வேணாம் கண்ணு, பூஞ்சை பிடிச்சுடும். மாசி பொறக்கட்டும். அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்தா சொல்லு, என்கிட்ட இருக்கறதுல ரெண்டு உருண்டை தரேன்.