முடக்குவாதத்துக்கு மீன் எண்ணெய்: தினம் ஒரு மாத்திரை போதுமா?

செம்பருத்தி_நாகை:

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. ருமட்டாய்டு முடக்குவாதம் என்று உறுதியாகி மூன்று வருடம் ஆகிறது. மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. வாரம் ஒருமுறை, மறுநாள் ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200. போன வாரப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர். 46, சி.ஆர்.பி. 17 (இரண்டும் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்த அளவுகள்). காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது. வாரத்தில் நாலைந்து நாள் அசிக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதமாக மீன் எண்ணெய் 1000 மி.கி. மாத்திரை தினம் ஒன்று, வெறும் வயிற்றில். டப்பாவின் பின்பக்கம் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கிறது. வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஏப்பம் மட்டும் மீன் வாடையோடு வருகிறது.

அளவு போதவில்லையா, மாத்திரையே சரியில்லையா? காட் லிவர் ஆயில் இதைவிட நல்லது என்கிறார்கள், உண்மையா? சொந்தக்காரர்கள் மிளகுச் சத்து கலந்த மஞ்சள் மாத்திரை, சீந்தில் கஷாயம், ஆளி விதை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டோடு இவற்றில் எதைச் சேர்க்கலாம்?

மருந்தாளுநர்_குமரி:

சகோதரி, முன்பக்கம் இருக்கும் 1000ஐக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அது எண்ணெயின் எடை. வேலை செய்வது பின்பக்கத்தில் இருக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள்தான். 180ம் 120ம் சேர்ந்து 300 மி.கி.; மீதி 700 வேறு கொழுப்பு.

முடக்குவாதத்தில் காலை விறைப்பும் மூட்டு வலியும் குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகளில் கொடுத்தது, பெரும்பாலும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து தினம் 2.7 கிராமோ அதற்கு மேலோ. அதுவும் குறைந்தது மூன்று மாதம். அம்மா எடுப்பது அதில் ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டு மாதத்தில் ஒன்றும் தெரியாததில் ஆச்சரியமில்லை.

இவ்வளவு நாள் ஏன் ஆகிறது என்றால், இது வலி மாத்திரை மாதிரி ரத்தத்தில் ஏறியதும் வேலை செய்வதில்லை. நம் செல்களின் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு இருக்கிறது. வீக்கத்தைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின், லியூக்கோட்ரைன் எல்லாம் அதிலிருந்துதான் உண்டாகின்றன. இ.பி.ஏ. கொஞ்சம் கொஞ்சமாக அதன் இடத்தில் போய் உட்கார்ந்து, அதே என்சைம்களைப் பிடித்துக்கொள்கிறது. இதிலிருந்து உண்டாகும் பொருள்கள் வீரியம் குறைந்தவை. சவ்வில் இந்த இடமாற்றம் நடக்க வாரக்கணக்கில் ஆகும்.

சாதா மாத்திரையில் 2.7 கிராம் வேண்டுமென்றால் தினம் ஒன்பது விழுங்கணும். யாராலும் முடியாது. அதனால் செறிவு கூடியதை வாங்குங்கள்: ஒரு மாத்திரையில் இரண்டும் சேர்ந்து 550 மி.கி. இருந்தால் ஐந்து போதும். வாங்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டு எண்களைப் பெரிதாகக் காட்டியிருப்பார்கள். அந்தப் பரிமாறல் இரண்டு மாத்திரையாக இருக்கும். இன்னொன்று ஒமேகா 3-6-9. ஒமேகா-6 நம் சமையல் எண்ணெயிலேயே தாராளமாக இருக்கிறது, அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். விலையை ஒப்பிட, டப்பா விலையை அதிலிருக்கும் மொத்த இ.பி.ஏ. + டி.எச்.ஏ. கிராமால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த டப்பா பல நேரம் அதிக விலையாகிவிடும்.

வெறும் வயிற்றில் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். செறிவூட்டிய மாத்திரைகள் பலவற்றில் எண்ணெய் எத்தில் எஸ்டர் என்ற வேதி வடிவில் இருக்கும். கொழுப்புள்ள சாப்பாடு கூட இல்லாவிட்டால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. மதியம் மூன்று, இரவு இரண்டு என்று சாப்பிடும்போதே கொடுத்தால் ஏப்பமும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

காட் லிவர் ஆயில் இந்த வேலைக்கு வேண்டாம். அது மீனின் ஈரல் எண்ணெய், வைட்டமின் ஏ நிறைய. ஒரு மேசைக்கரண்டி குடித்தால் ஒமேகா-3 சுமார் இரண்டரை கிராம் கிடைக்கும், ஆனால் கூடவே வைட்டமின் ஏ 4000 மைக்ரோகிராம் வரும். பெரியவர்களுக்கு நாள் வரம்பு 3000. மாதக்கணக்கில் போனால் ஈரலுக்கும் எலும்புக்கும் கேடு. கடையில் கிடைக்கும் 300 மி.கி. மஞ்சள் நிறக் காட் லிவர் குண்டு மாத்திரையிலோ ஒமேகா-3 சுமார் 50 மி.கி.தான் தேறும்.

நெய்தல்_சமையல்:

மாத்திரை பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், மீன் பற்றி நான் சொல்கிறேன். நாகையில் இருந்துகொண்டு மீனைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது.

மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி இவைதான் வேண்டும். மத்தி 100 கிராம் சதையில் சுமார் 1 கிராம் இ.பி.ஏ. + டி.எச்.ஏ. இருக்கும். ஆனால் பருவத்துக்குப் பருவம் நிறைய மாறும்: முட்டையிட்டு மெலிந்த மத்தியில் கொழுப்பே இருக்காது, நன்றாக மேய்ந்து கொழுத்ததில் குழம்பின் மேலேயே எண்ணெய் மிதக்கும். அந்த எண்ணெயை வழித்து எறியாதீர்கள், தேடுகிற பொருளே அதுதான்.

பொரித்தால் மீனின் எண்ணெய் வாணலிக்குப் போய், சூரியகாந்தி எண்ணெய் மீனுக்குள் வந்துவிடும். குழம்பு, அவியல், வாழையிலையில் சுட்டது நல்லது. கருவாட்டை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெயிலில் காய்கையில் அந்தக் கொழுப்பு காறிப்போகிறது, உப்பும் அதிகம். வஞ்சிரம், சுறா போன்ற பெரிய மீன்களைத் தினமும் வாங்க வேண்டாம், பாதரசம் அவற்றில்தான் சேரும்.

வாரம் நாலு நாள் 150 கிராம் மத்தி என்றால் தினசரிச் சராசரி 0.8 கிராம் வரை வரும். அந்த அளவுக்கு மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆளி விதையில் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற இன்னொரு ஒமேகா-3. உடல் அதில் மிகச் சிறு பங்கைத்தான் இ.பி.ஏ.வாக மாற்றும், டி.எச்.ஏ. அதனினும் குறைவு. பொடித்து இட்லிப்பொடியில் சேர்த்தால் மலச்சிக்கலுக்கு நல்லது, அவ்வளவுதான். சைவக்காரர்களுக்குச் சரியான மாற்று பாசி எண்ணெய் மாத்திரை. மீனுக்கே ஒமேகா-3 அந்தப் பாசியிலிருந்துதான் வருகிறது.

வாதநோய்_பிரிவு:

மேலே இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது வேறு. மூன்று வருட மருந்துக்குப் பிறகும் காலையில் ஒரு மணி நேர விறைப்பு, இ.எஸ்.ஆர். 46, வாரத்தில் நாலைந்து வலி மாத்திரை என்றால் நோய் கட்டுக்குள் இல்லை. மீன் எண்ணெய் வலியைக் குறைக்கும். எலும்பு அரிப்பைத் தடுக்க அதை நம்ப முடியாது. மெத்தோட்ரெக்சேட்டை 15லிருந்து 20, 25 மி.கி. வரை ஏற்றலாம், ஊசியாக மாற்றலாம், சல்ஃபாசலசின் என்ற இன்னொரு முடக்குவாத மருந்தைச் சேர்க்கலாம். இந்த முடிவைத் தள்ளிப் போடாதீர்கள். விரல் ஒருமுறை கோணிவிட்டால் திரும்ப நேராகாது.

மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் மீன் எண்ணெய்க்கு நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், நோய் தொடங்கி ஒரு வருடத்துக்குள் வந்தவர்களுக்கு மூன்று மருந்துக் கூட்டோடு தினம் 5.5 கிராம் ஒமேகா-3 கொடுத்து, 0.4 கிராம் எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அதிக அளவு எடுத்தவர்களில் கூட்டு மருந்து தோற்றுப்போனது குறைவு, நோய் அடங்கியதும் சீக்கிரம். அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் தினம் 840 மி.கி. கொடுத்தபோது நாள்பட்ட முழங்கால் வலி குறையவில்லை. நோயும் வேறு, அளவும் வேறு. அதனால் "மூட்டு வலிக்கு நல்லது" என்று பொதுவாகச் சொல்வதை நம்பாதீர்கள்.

பலனை சி.ஆர்.பி.யில் தேட வேண்டாம், அது அசையாமல் இருக்கலாம். ஒரு நோட்டில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: காலை விறைப்பு எத்தனை நிமிடம், வீங்கிய மூட்டு எத்தனை, வாரத்தில் வலி மாத்திரை எத்தனை. 12 வாரத்தில் வலி மாத்திரை ஐந்திலிருந்து இரண்டானால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் அது பெரிய லாபம். மூன்றுமே மாறவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

சமையலில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. மாத்திரை வேறு விஷயம். மஞ்சள் தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான். 95 சதவீதச் சாறு 500 மி.கி. மாத்திரை ஒன்று, 15 கிராமுக்கு மேல் மஞ்சள் தூளுக்குச் சமம். அதில் மிளகின் பைப்பரின் வேறு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் 1998 ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது உறிஞ்சுதல் 2000 சதவீதம் கூடியது. விற்பவர்கள் இதைத்தான் சொல்லி விற்கிறார்கள். ஆனால் பைப்பரின், ஈரல் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் வழியையே அடைக்கிறது. வேறு மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். மஞ்சள் மாத்திரையால் ஈரல் அழற்சி வந்ததை 2019ல் இத்தாலி அரசு எச்சரித்தது, 2023ல் ஆஸ்திரேலியாவும் எச்சரித்தது.

சீந்தில் கூடவே கூடாது. 2020ல் மும்பையில் சீந்தில் குடித்த 6 பேருக்கு ஈரல் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கிய அடையாளங்கள் அவர்களிடம் இருந்தன. அம்மாவின் நோயே எதிர்ப்புச் சக்தி தன் உடலைத் தாக்குவதுதான். அதைத் தூண்டும் மூலிகை எதற்கு?

மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. ஈரல் என்சைம் ஏறினால் மருத்துவர் முதலில் மெத்தோட்ரெக்சேட்டைத்தான் குறைப்பார். காரணம் கஷாயமாக இருந்தாலும் பலன் தரும் மருந்து போய்விடும், மூட்டு மறுபடி வீங்கும். என்ன எடுக்கிறார் என்பதை ஒன்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செம்பருத்தி_நாகை:

ரொம்ப நன்றி. மஞ்சள் மாத்திரையையும் கஷாயத்தையும் விட்டுவிடுகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். இவ்வளவு மீன் எண்ணெய் ரத்தத்தை நீர்க்கச் செய்துவிடும் என்கிறார்களே? வைட்டமின் டி 60,000 வாரம் ஒன்று எட்டு மாதமாகப் போகிறது, அதைத் தொடரலாமா?

வாதநோய்_பிரிவு:

வைட்டமின் டி 60,000 பொதுவாக எட்டு வாரம்தான், பிறகு மாதம் ஒன்று. எட்டு மாதம் வாராவாரம் போயிருந்தால் அடுத்ததைக் கொடுக்கும் முன் ரத்தத்தில் வைட்டமின் டி அளவும் (25-ஓ.எச். பரிசோதனை) கால்சியமும் பாருங்கள். அதிகமானால் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் வரும்.

ரத்தம் நீர்ப்பது பற்றிய பயம் இந்த அளவில் பெரிதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, தினம் 5 கிராம் வரை பெரியவர்களுக்குப் பாதுகாப்புக் கவலை இல்லை என்றிருக்கிறது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்கள், மீன் எண்ணெய் தொடங்கிய இரண்டாம் வாரம் ஐ.என்.ஆர். என்ற ரத்தம் உறையும் நேரப் பரிசோதனை பார்க்கணும். அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே சொல்லணும்.

நான் பார்ப்பது இதயத் துடிப்பை. தினம் 4 கிராம் கொடுத்த 2018 ரெட்யூஸ்-இட் ஆய்வில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்புக்காக மருத்துவமனை போனவர்கள் 3.1 சதவீதம்; மருந்தில்லாத குழுவில் 2.1. அம்மாவுக்கு முன்பே துடிப்புக் கோளாறு இருந்தால் இந்த அளவைத் தொடங்க வேண்டாம். இல்லையென்றால் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். புதிதாகப் படபடப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

மருந்தாளுநர்_குமரி:

ஒன்று விட்டுப்போச்சு. ஏப்பத்துக்குக் காரணம் எண்ணெய் காறியிருப்பதாகவும் இருக்கலாம். ஒரு மாத்திரையை ஊசியால் குத்திக் கரண்டியில் பிழிந்து முகர்ந்து பாருங்கள். லேசான கடல் வாடை சரி. பெயின்ட் மாதிரியோ, பழைய எண்ணெயின் சிக்கு வாடை மாதிரியோ அடித்தால் டப்பாவோடு தூக்கிப் போடுங்கள். எலுமிச்சை மணம் சேர்த்தவற்றில் வாடை தெரியாது, கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள், தொண்டையில் காறும். பரிசோதனைச் சான்று தரும் நிறுவனமாக இருந்தால் எண்ணெய் எவ்வளவு காறியிருக்கிறது என்று காட்டும் மூன்று அளவுகளைப் பாருங்கள்: பெராக்சைடு 5க்குள், அனிசிடின் 20க்குள், டோடாக்ஸ் 26க்குள் இருக்கணும்.

அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்காதீர்கள். நம்ம ஊர் மே மாத வெயிலுக்குத் திறந்த டப்பா ஃபிரிட்ஜில்தான் இருக்கணும். 60 மாத்திரை டப்பாவாக வாங்குங்கள், தினம் ஐந்து என்றால் 12 நாளில் தீரும். ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்தால் பாதிக்கு மேல் காறிய எண்ணெய்தான் உள்ளே போகும்.

விழுங்க முடியவில்லை என்றால் பாட்டில் எண்ணெய் கிடைக்கிறது. சின்ன டம்ளரில் இரண்டு வாய் ஆரஞ்சுச் சாறு ஊற்றி, அதன் மேல் எண்ணெயை மிதக்க விட்டு, உதட்டில் படாமல் ஒரே மடக்கில் குடிக்கணும். உடனே இன்னொரு டம்ளர் வெறும் சாறு, அப்புறம் சாப்பாடு.