திம்பம் மலைப்பாதை இரவுத் தடை: காட்டுக்கு உண்மையில் பயன் உண்டா?

கோவைப் பயணி (கேள்வி):
வணக்கம் நண்பர்களே. வேலை விஷயமாகக் கோவையிலிருந்து மைசூருக்கு அடிக்கடி போய்வருகிறேன். சத்தி (சத்தியமங்கலம்), பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழிதான் எப்போதும். இரவு 9 மணிக்கு மேல் பண்ணாரியில் விடமாட்டார்கள் என்பதால் மதியமே கிளம்பிவிடுவது பழகிவிட்டது. இதை வைத்து அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம். "ரோடு போட்டாச்சு, காடு ரெண்டாப் பிரிஞ்சாச்சு, இனி ராத்திரி மட்டும் மூடி என்ன ஆகப்போகுது" என்கிறார் ஒருவர். பகலிலும் மூட வேண்டும் என்கிறார் இன்னொருவர். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. இரவுத் தடையால் விலங்குகளுக்கு என்ன கிடைக்கிறது, மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், பேசாமல் ஒரு உயர்மட்டப் பாலம் கட்டினால் பிரச்சினை தீராதா? அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சொன்னால் நல்லது.

காட்டுவழி:
முதல் கேள்விக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். பயன் உண்டு, சந்தேகமே வேண்டாம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஒருபக்கம் முதுமலை, பந்திப்பூர், இன்னொரு பக்கம் பிலிகிரிரங்கன் மலை, என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிற காடு இது. 948ஆம் எண் நெடுஞ்சாலை (பழைய 209) இதை ஊடறுத்துப் போகிறது. சிறுத்தை, கடமான், முயல், முள்ளம்பன்றி எல்லாம் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் நடமாடும். ஹெட்லைட் வெளிச்சம் முகத்தில் அடித்தால் மான் ஓடாது, அப்படியே நின்றுவிடும். பகல் வெயிலில் சூடேறிய தார் இரவில் வெகுநேரம் கதகதப்பாக இருப்பதால் பாம்புகள் வந்து படுத்துக்கொள்ளும். பக்கிக்குருவி என்கிற இரவுப் பறவை ரோட்டிலேயே உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், வண்டி பக்கத்தில் வரும்வரை எழும்பாது. யானை, சிறுத்தை அடிபட்டால் செய்தி ஆகிறது, இவை நசுங்கிப்போனால் காலையில் காக்கை தின்று முடித்துவிடும், கணக்கிலேயே வராது.

அடிபட்டுச் சாவது ஒரு பகுதிதான். வண்டி ஓயாமல் போகிற ரோட்டைக் குட்டியோடு இருக்கிற யானைக்கூட்டம் கடக்கத் தயங்கும், மணிக்கணக்கில் ஓரத்திலேயே நிற்கும். மலைச்சரிவில் அதற்கு இறங்க ஏற நாலைந்து தடம்தான் இருக்கும். ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று மண்ணைச் செங்குத்தாக வெட்டித் தடுப்புச்சுவர் கட்டினால் தாய் எப்படியோ ஏறிவிடும், குட்டி ஏறாது. இரவில் ஒன்பது மணிநேரம் ரோடு அடங்கிக் கிடப்பது அவற்றுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

தாளவாடி விவசாயி:
கோவை அண்ணா, இரண்டாவது கேள்வி எங்களைப் பற்றியது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். தாளவாடிக்கு ஒருபக்கம் கர்நாடகா, மற்ற பக்கமெல்லாம் காடு. எங்கள் மாவட்டத் தலைநகரமான ஈரோட்டுக்குப் போகவே திம்பம் இறங்கித்தான் ஆக வேண்டும். 2019இல் கலெக்டர் போட்ட உத்தரவைச் செயல்படுத்தச் சொல்லி 2022 பிப்ரவரியில் ஐகோர்ட் சொன்னதும் 10ஆம் தேதியிலிருந்து தடை வந்தது, சரக்கு வண்டிக்கு மாலை 6 முதல் காலை 6 வரை, மற்ற வண்டிக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. முட்டைக்கோஸ், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் சாயங்காலம் அறுத்து லோடு ஏற்றி விடியற்காலை மார்க்கெட்டில் இறக்கினால்தான் விலை. காலை ஆறு மணிக்கு மேலேயிருந்து கிளம்பினால் சந்தை முடிந்த பிறகு போய்ச் சேரும், தக்காளியைப் பார்த்து வியாபாரி கேட்கிற விலைதான். கடையடைப்பு, மறியல் எல்லாம் அதனால்தான் நடந்தது. ஆம்புலன்சுக்கு விலக்கு உண்டு, ஆனால் ராத்திரி வயிற்றுவலி என்றால் எல்லாரும் ஆம்புலன்சா கூப்பிடுகிறார்கள்? பக்கத்து வீட்டுக் காரைத்தான் கூப்பிடுவோம்.

அப்புறம் ஏப்ரலில் கோர்ட் உத்தரவைத் திருத்தி உள்ளூர்க்காரர்களுக்கு வழி விட்டது, 16.2 டன்னுக்கு மேல் எடை உள்ள லாரிகளுக்கு முழுத் தடை போட்டது. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்பதுதான் எங்கள் ஆதங்கம். ராத்திரி அந்த ரோட்டை நிரப்பியது எங்கள் தக்காளி வண்டி இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகிற கனரக லாரிகள்தான். சேலம் வழியாகச் சுற்றினால் டீசல் செலவு அதிகம் என்று இந்தப் பக்கம் வந்தவை. யானையால் எங்களுக்கு நஷ்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். கருப்பன் யானையை 2023 ஏப்ரலில் கும்கி வைத்துப் பிடிக்கிறவரை நாங்கள் ராக்காவலுக்கே பயந்தோம். அப்படியும் சொல்கிறேன், காடு வேண்டாம் என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

லாரி டிரைவர் ஒருவன்:
விவசாயி அண்ணன் சொல்வது சரிதான், நானும் அந்த ரூட்டில் ஓட்டியவன். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. நீளமான வண்டி ஒரே ஒடிப்பில் திரும்பாது. முன்னே ஏற்றி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி ஒடித்து, கிளீனர் பின்னால் நின்று கட்டை வைத்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஆக்ஸில் போச்சு என்றால் மேலேயும் கீழேயும் கிலோமீட்டர் கணக்கில் வண்டி நிற்கும், எல்லா இஞ்சினும் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள் மாட்டிக்கொண்ட யானை எந்தப் பக்கம்தான் போகும்?

இன்னொன்று யாரும் பேசுவதில்லை, கரும்பு. தாளவாடிப் பக்கமிருந்து ஆலைக்கு வருகிற லாரிகளில் பாடியை மீறி உயரமாக அடுக்கியிருப்பார்கள். மாநில எல்லையில் இருக்கிற காராப்பள்ளம் செக்போஸ்ட்டில் யானை குட்டியோடு வந்து நடுரோட்டில் நிற்கும், தும்பிக்கையைப் போட்டு ஒரு கட்டை உருவும். சில டிரைவர்கள் தாங்களே பிடுங்கி வீசுவார்கள், பின்னால் கார்க்காரர்கள் இறங்கி வீடியோ எடுப்பார்கள். குட்டி அதைப் பார்த்தே வளர்கிறது. காட்டுக்குள் மேய வேண்டியது லாரி சத்தம் கேட்டு ரோட்டுக்கு வருகிறது. நாளைக்கு யாரையாவது அடித்துவிட்டால் பெயர் யானைக்குத்தான். உயரத்தடுப்பு வைத்தார்கள், அபராதம் போட்டார்கள், இன்னும் நிற்கவில்லை.

கோவைப் பயணி:
டிரைவர் அண்ணா, கரும்பு விஷயம் படங்களாகப் பார்த்திருக்கிறேன், இந்தக் கோணம் தோன்றவே இல்லை. நன்றி. பாலம் பற்றி யாராவது?

காட்டுவழி:
இடத்தைப் பொறுத்தது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் காட்டின் நடுவே போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையில் விலங்குகள் அடியில் போக வழி வைத்தே கட்டினார்கள். மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் 9 இடங்கள், 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர்வரை அகலம். புலி உட்பட 18 வகை விலங்குகள் அதில் போனது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அது ஓரளவு சமதளம், அகலப்படுத்துவது முடிவான ரோடு. திம்பம் மாதிரி மலைச்சரிவில் தூண் நடவே பாதி மலையை உடைக்க வேண்டியிருக்கும். பந்திப்பூரில் 2009 முதல் இரவுத் தடை. அந்த வழியாக மைசூர் போகிற கேரளத்து வயநாட்டுக்காரர்கள் 2019இல் சுல்தான் பத்தேரியில் உண்ணாவிரதம் இருந்தார்கள், உயர்மட்டப் பாலம் என்று மத்திய அரசும் பேசிப் பார்த்தது, கட்டும்போது விழும் மரங்களைக் காட்டிக் கர்நாடகம் ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன விலங்குக்குச் சின்ன ஏற்பாடே போதும். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்கு ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய பாலங்களை அவை நன்றாகவே பயன்படுத்துகின்றன.

புதிதாக ரோடு கேட்கிற இடத்தில்தான் உண்மையான சிக்கல். அமேசானில் அழிந்த காட்டில் 95 சதவீதம் ரோட்டிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளோ ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோதான் இருக்கிறது என்று 2014இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு ரோடு போட்டால் கிளைரோடு, கடை, பட்டா என்று பின்னாலேயே வரும். அதனால் நெடுஞ்சாலை கேட்டால் நான் எதிர்ப்பேன். ஆனால் கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் மாதிரி ஊர்களையும் இதே கணக்கில் சேர்க்கக் கூடாது. குரும்பூர் பள்ளம், சக்கரைப்பள்ளம் என்கிற ஓடைகளில் தண்ணீர் வந்தால் பஸ் நின்றுவிடும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது என்கிற நிலை இருந்தது. அவர்கள் கேட்டது ஓடைக்கு மேலே பாலம், இருக்கிற பாதைக்குத்தான்.

தாளவாடி விவசாயி:
இதைத்தான் நாங்களும் கேட்கிறோம். ரோட்டை ராத்திரியில் மூடுவதென்றால் தாளவாடியிலேயே காய்கறி வைக்கக் குளிர்பதனக் கிடங்கும், ராத்திரியிலும் ஆபரேஷன் செய்யக்கூடிய ஆஸ்பத்திரியும் கொடுங்கள். பிறகு ராத்திரி அந்த ரோட்டில் எங்களுக்கு வேலையே இருக்காது. கோவை அண்ணா, அடுத்தமுறை வரும்போது காராப்பள்ளத்தில் யானை நின்றால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தள்ளியே நில்லுங்கள். தானாகப் போய்விடும்.