சப்போர்ட் இல்லாத லப்டொப்பில் விண்டோஸ் 11: வன்னியில் எங்கள் அனுபவங்கள்

கிளிநொச்சி, திருத்துநர்:

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றன. அதற்குப் பிறகு என் மேசைக்கு வரும் லப்டொப்களில் அரைவாசிக்கு மேல் ஒரே கதைதான். யாரோ விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்திருப்பார்கள். முதல் நாள் நன்றாக ஓடியிருக்கும். பிறகு வைஃபை இல்லை, திரையின் வெளிச்சத்தைக் குறைக்க ஏலாது, வீடியோ இழுத்து இழுத்து ஓடுகிறது. திரும்பக் கொண்டுபோனால், "மதர்போர்ட் பழுது, புதுசு வாங்குங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். விசுவமடு, தருமபுரம் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் புதுசுக்கு எங்கே போவார்கள்? 2022இல் ரூபாய் விழுந்தபோது ஏறிய லப்டொப் விலை இன்னும் அவர்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ பாவித்துவிட்டு அனுப்பிய பழைய லப்டொப்தான் அந்த வீட்டின் ஒரே கணினி. திருத்தக்கூடிய ஒன்றைச் செத்ததாகச் சொல்லி ஒதுக்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். உங்கள் அனுபவங்களையும் சேருங்கள்.

விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் கேட்பவை டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புரொசசர் அல்லது அதற்குப் பிந்தியது. எங்கள் பக்கம் ஓடுகிறவற்றில் கனக்க இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறை. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவை எழுதும்போது டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கிவிடலாம், நிறுவலும் முடிந்துவிடும். ஆனால் சோதனையை நீக்கியதால் டிரைவர், அதாவது வைஃபை, திரை போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க வேண்டிய மென்பொருள், வந்துவிடாது. வில்லங்கம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு எல்லையை மட்டும் தாண்ட ஏலாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து புரொசசரில் எஸ்எஸ்இ4.2, பொப்கவுண்ட் ஆகிய கட்டளைகள் இருந்தாக வேண்டும். கோர் 2 டியோவில் அவை இல்லை, ஆகவே அது பூட்டே ஆகாது. கோர் ஐ3, ஐ5 என்று பெயர் தொடங்கிய காலத்திலிருந்து இரண்டுமே உண்டு. கோர் 2 டியோ லப்டொப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பிமார், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள்.

இப்போது ஒரு உண்மைச் சம்பவம். உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சியின் லப்டொப், மூன்றாம் தலைமுறை ஐ5. வெளிச்சம் முழுதாகவே நிற்கிறது, பவர் மெனுவில் ஸ்லீப் என்ற சொல்லே இல்லை, பற்றரி சீக்கிரம் இறங்குகிறது. அவர் போன கடையில் போர்ட் போய்விட்டது என்று முடிவு சொல்லிவிட்டார்கள். உள்ளே இருக்கும் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர் என்ற வரியைத் திறந்து பார்த்தால் "மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்" என்று நிற்கிறது. கிராபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை. அது ஏறாத வரைக்கும் விண்டோஸுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரியாது, ஸ்லீப்பையும் காட்டாது. வெளிச்சமும் ஸ்லீப்பும் ஒன்றாகக் காணாமல் போனால் முதலில் இந்த வரியைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறையின் எச்டி 4000 கிராபிக்ஸ் என்றால், விண்டோஸ் 10க்கு இன்டெல் கடைசியாக வெளியிட்ட டிரைவர் 11இலும் ஓடுகிறது. அந்தப் பிள்ளையின் வேலை ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் முடிந்தது. இரண்டாம் தலைமுறையின் எச்டி 3000 என்றால் கொஞ்சம் கஷ்டம். இன்டெல் அதற்கு விண்டோஸ் 10 டிரைவரே தரவில்லை. இணையத்தில் இணைத்துவிட்டு விண்டோஸ் அப்டேட் தானாகக் கொண்டுவரும் பழைய டிரைவரை நம்ப வேண்டியதுதான். அதையும் மீறி எந்தெந்தத் தளத்திலிருந்தோ "டிரைவர் பேக்" இறக்காதீர்கள். அதோடு வந்து குந்துகிற குப்பையைத் துப்புரவாக்குவது தனி வேலை.

மஞ்சள் ஆச்சரியக்குறியோடு "அன்நோன் டிவைஸ்" நின்றால் பதற வேண்டாம். அதன் மேல் வலது கிளிக், ப்ரொப்பர்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடி. அங்கே நிற்கும் தயாரிப்பாளர் எண்ணைப் பாருங்கள். 8086 என்றால் இன்டெல், 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் ஏதரோஸ். யாருடைய சிப் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சில டெல் லெட்டிடியூட் மாடல்களில் எஸ்எம்ஓ8800 என்று ஒன்று மஞ்சளாக நிற்கும். லப்டொப் கீழே விழும்போது ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்றும் உணரி அது. எஸ்எஸ்டி போட்டவர்கள் அப்படியே விட்டுவிடலாம், ஒன்றும் ஆகாது.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன், அது உயிரோடு இருக்கும்போதே, விண்டோஸோடு வரும் டிஸ்ம் என்ற கட்டளையில் "எக்ஸ்போர்ட்-டிரைவர்" போட்டு உள்ளே இருக்கும் டிரைவர்களை ஒரு பென் டிரைவுக்கு எடுத்து வையுங்கள். பதினைந்து வயது லப்டொப்புக்கு டிரைவர் தேடுவதைவிட அது எவ்வளவோ சுகம். எங்கள் டேட்டா வேகத்துக்கு இன்னும் சுகம்.

முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான்:

அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் வீட்டு லப்டொப்பில் எந்த இணையத்தளத்துக்குப் போனாலும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்றே வந்தது. அப்டேட்டும் பிழை காட்டியது. வைரஸ் என்றார்கள், ரவுட்டர் பிழை என்றார்கள். கடைசியில் பார்த்தால் கடிகாரம் 2012இல் நிற்கிறது! தாய்ப்பலகையில் இருக்கும் சின்ன பற்றரி இறங்கிவிட்டது. பெரிய பற்றரியும் செத்திருந்ததால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் திகதி பின்னால் ஓடிவிடும். திகதி பிழைத்தால் பாதுகாப்புச் சான்றிதழ் எதையும் விண்டோஸ் நம்பாது. சிஆர்2032 என்ற அந்த வட்டப் பற்றரி கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். சில லப்டொப்களில் அது வயரோடு சுற்றப்பட்டு வரும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் விஷயத்தில் கவனம். பற்றரி இல்லாத லப்டொப்பில் பெரிய அப்டேட்டை மழை இருட்டிக்கொண்டு வரும் பின்னேரத்தில் தொடங்காதீர்கள்.

மல்லாவி, ஆசிரியை:

எனக்குத் தொழில்நுட்பம் பெரிதாகத் தெரியாது. ஆனால் நடந்ததை எழுதினால் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு உதவும். என் லப்டொப் நான்காம் தலைமுறை, 8 ஜிபி ரேம். 2024இல் விண்டோஸ் 11இன் 23எச்2 போட்டுத் தந்தார்கள். வினாத்தாள் அடிக்கவும் புள்ளிப் பட்டியல் செய்யவும் போதுமான வேகம் இருந்தது. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் மஞ்சள் முக்கோணம் காட்டி, மெமரி இன்டெக்ரிட்டி என்பதை இயக்கச் சொன்னது. பாதுகாப்பு என்று எழுதியிருக்கும்போது யார்தான் மறுப்பார்கள்? இயக்கிய நாளிலிருந்து வேர்ட் திறக்கவே காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காவின் மகன்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். அதை லேசாகச் செய்யும் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் புரொசசருக்குள் இருக்கிறதாம். அதற்கு முந்தியவற்றில் அதே வேலையை மென்பொருளால் செய்ய வேண்டும், அதனால் வேகம் இறங்குகிறது. நிறுத்தி மீள இயக்கியதும் பழைய வேகம் வந்தது.

இப்போது வேறொரு கவலை. 2025 நவம்பருக்குப் பிறகு எனக்கு மாதாந்த அப்டேட் ஒன்றும் வரவில்லை. பிழைச்செய்தியும் இல்லை. லப்டொப் "எல்லாம் சரி" என்றே சொல்கிறது. இது சரியா தம்பி? புதிய பதிப்புக்கு மாற்றினால் என் பாமினி எழுத்துருக்களும் பழைய வினாத்தாள்களும் அழிந்துவிடுமா? பதினைந்து வருடத்து வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில்தான் இருக்கின்றன.

வவுனியா, பல்கலைக்கழக மாணவன்:

நான் லினக்ஸ் மின்ட் 22 போட்டுக்கொண்டேன். 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, டிபிஎம் கேட்காது. எக்ஸ்எஃப்சிஇ என்ற அதன் இலகுவான பதிப்பு 4 ஜிபி ரேமிலும் வடிவாக ஓடுகிறது. பிரச்சினை வந்தது வைஃபையில்தான். என்னுடைய சிப் 14இ4, அதாவது பிராட்காம். அதற்கான டிரைவர் நிறுவலோடு தானாக ஏறுவதில்லை. டிரைவர் எடுக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். போனை யூஎஸ்பி வயரால் செருகி, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங்கை இயக்கினேன். மின்ட் அதை உடனே வயர் இணைப்பாக எடுத்துக்கொண்டது. டிரைவர் மேனேஜரில் பிராட்காம் என்று காட்டியதைத் தெரிவுசெய்து மீள இயக்கினேன், வைஃபை வந்துவிட்டது. போனில் டேட்டா இல்லாதவர்கள் நிறுவிய பென் டிரைவைத் திரும்பச் செருகினால் அதிலிருந்தே டிரைவரை எடுக்கவும் வழி உண்டு.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தட்டச்சு நிலையம் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பல கடைகளில் இருக்கும் கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் கேப்ட் என்ற தனி முறையில் இயங்குவது, லினக்ஸில் அதை ஓடவைப்பது பெரும் பாடு. படிக்க, கோட் எழுத, படம் பார்க்க என்றால் தாராளமாகப் போடலாம்.

முழங்காவில்:

இங்கே மக்புக் வைத்திருப்பவர்கள் குறைவு, ஆனாலும் எழுதுகிறேன். கனடாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்து தந்தது 2012 நடுப்பகுதி மக்புக் ப்ரோ, 13 அங்குலம். ஆப்பிள் அதற்குக் கொடுத்த கடைசி மக்ஓஎஸ் பதிப்பு கட்டலினா. பழைய மக்குகளில் புதிய மக்ஓஎஸ் போட உதவும் ஓபன்கோர் லெகசி பட்சர் என்ற மென்பொருள் மூலம் சொனோமா என்ற பிந்திய பதிப்பைப் போட்டேன். நிறுவி முடிந்ததும் வைஃபை இல்லை, ஜன்னல்கள் எல்லாம் கல்லுப் போல நகர்கின்றன. பழைய கிராபிக்ஸ், வைஃபை டிரைவர்களை ஆப்பிள் எடுத்துவிட்டதால், நிறுவிய பிறகு "ரூட் பட்ச்" என்பதைத் தனியாகப் போட வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அதைத் திரும்பப் போட வேண்டும். தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பது அதனால்தான்.

வவுனியாத் தம்பி செய்த போன் வழி இங்கே சரிவராது. அண்ட்ரொய்ட் போனின் யூஎஸ்பி டெதரிங்கை மக் தானாக ஏற்காது. நல்ல காலம், இந்த மாடலில் ஈதர்நெட் துளை இருக்கிறது. 4ஜி ரவுட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்துச் செருகினேன்.

பென் டிரைவ் செருகியிருந்தால் பூட் ஆகிறது, கழற்றினால் தடை வட்டம் வருகிறது என்பவர்களுக்கு: ஓபன்கோர் இன்னும் பென் டிரைவில்தான் இருக்கிறது. பட்சரைத் திறந்து அதை உள் டிஸ்க்கில் நிறுவுங்கள். நிறுவல் பாதியில் நின்று நின்று பிழை காட்டினால் எஸ்எஸ்டியைக் குறை சொல்வதற்கு முன் அதைப் போர்டோடு இணைக்கும் தட்டைக் கேபிளை மாற்றிப் பாருங்கள். இந்த வயதில் அந்தக் கேபிள் தேய்ந்து போவது சகஜம். எனக்கு அதுதான் நடந்தது.

கிளிநொச்சி, திருத்துநர்:

ரீச்சர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். 23எச்2இன் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கான ஆதரவு 2025 நவம்பர் 11ஆம் திகதி முடிந்துவிட்டது. சப்போர்ட் உள்ள லப்டொப் என்றால் அடுத்த பதிப்பு தானாக வந்திருக்கும். பட்டியலில் இல்லாத லப்டொப்புக்கு விண்டோஸ் அதைக் கொடுப்பதில்லை. அதனால்தான் சத்தமில்லாமல் நின்றுபோனது. இதை நாங்கள்தான் கையால் ஏற்ற வேண்டும். விண்டோஸ் போட்டுக் கொடுக்கிறவர்கள் இதை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய மனவருத்தம்.

25எச்2க்குப் போங்கள். அதற்கு 2027 ஒக்டோபர் வரை ஆதரவு இருக்கிறது. உங்களுடையது நான்காம் தலைமுறை என்பதால் எஸ்எஸ்இ4.2 பிரச்சினை இல்லை. ரூஃபஸின் புதிய பதிப்பால் எழுதிய பென் டிரைவை, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகி, அதில் உள்ள செட்டப்பை இயக்க வேண்டும். அப்போது "கோப்புகளையும் செயலிகளையும் வைத்திரு" என்பதைத் தெரிவுசெய்யலாம். பாமினி உட்பட நீங்கள் நிறுவிய எழுத்துருக்கள், வினாத்தாள்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அந்தத் தெரிவு மங்கலாக நின்றால் மேலே போகாதீர்கள். நிறுவியுள்ள விண்டோஸின் மொழியும் பென் டிரைவில் உள்ளதும் பொருந்தவில்லை என்பதுதான் வழக்கமான காரணம்.

எப்படியிருந்தாலும் வினாத்தாள்களை முதலில் ஒரு வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். பாமினி எழுத்துருக் கோப்பையும் அதோடு வையுங்கள். அது இல்லாவிட்டால் அந்த வினாத்தாள்களைத் திறந்தாலும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். சனிக்கிழமை கிளிநொச்சிக்கு வருவதென்றால் கொண்டுவாருங்கள், இருந்தே செய்து தருகிறேன். சார்ஜரை மறந்துவிடாதீர்கள், அந்த மாடலின் முனை என்னிடம் இல்லை.