உதவி: வகுத்தலை சிஎல்ஐக்குக் கீழே கம்பைலர் நகர்த்திவிடுகிறது

வயல்வரப்பு:
வணக்கம். ஒரு வகுத்தலை முதலில் முடித்துவிட்டு, விடையைக் குளோபல் மாறியில் எழுதும் நேரத்துக்கு மட்டும் இன்டரப்ட்டை (ஓடும் நிரலை இடைமறிக்கும் குறுக்கீடு) சிஎல்ஐ கட்டளையால் நிறுத்தும்படி எழுதியிருக்கிறேன். கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளை டிஸ்அசெம்பிளியில் பார்த்தால், வகுத்தல் சிஎல்ஐக்குப் பிறகே நடக்கிறது. கம்பைலர் நீக்கக் கூடாது என்று சொல்லும் வோலட்டைல் சிஎல்ஐ வரியில் இருந்தும் பயனில்லை. அவசரம், வழி சொல்லுங்கள்.

மின்தடை47:
எந்தச் சிப், எந்தக் கம்பைலர், எந்த ஆப்டிமைசேஷன் நிலை? அந்த வரிகளையும் அப்படியே ஒட்டுங்கள்.

கோடைமழை:
மெமரி கிளாபர் (மெமரி இங்கே மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) சேர்த்தால் சரியாகிவிடும். லினக்ஸ் கெர்னலின் பேரியர் மேக்ரோவும் கட்டளை எதுவும் இல்லாத வோலட்டைல் அசெம்பிளியும் மெமரி கிளாபரும்தான்.

பழையகை:
ஜிசிசி கம்பைலரின் கையேட்டைப் படித்துவிட்டு வந்து கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும். வோலட்டைல் அசெம்பிளியைக்கூடச் சுற்றியுள்ள நிரலுக்கு முன்னும் பின்னும் கம்பைலர் நகர்த்தலாம் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

வயல்வரப்பு:
சிப் ஏடிமெகா328பி (ஏவிஆர் வகை), கம்பைலர் ஏவிஆர்-ஜிசிசி, ஆப்டிமைசேஷன் ஓ-எஸ். மெமரி கிளாபர் சிஎல்ஐ மேக்ரோவுக்குள்ளேயே இருக்கிறது. வரிகள் மூன்றுதான்: வால் = 65535 / வால்; சிஎல்ஐ; ஐவார் = வால். அதன் பிறகு இன்டரப்ட்டை மீண்டும் இயக்கும் எஸ்இஐ. ஐவார்தான் அந்தக் குளோபல் மாறி.

தூண்டில்:
ப்ராசஸரே வரிசையை மாற்றுகிறது என்று நினைக்கிறேன். ஆர்ம் சிப்புகளில் டிஎம்பி கட்டளை இருப்பதுபோல் இங்கும் மெமரி வரிசையைக் காக்கும் ஹார்ட்வேர் பேரியர் வேண்டும்.

மின்தடை47:
ஏவிஆர் கட்டளைகளை எழுதிய வரிசையிலேயே ஓட்டும். டிஸ்அசெம்பிளியிலேயே இடம் மாறியிருக்கும்போது ப்ராசஸர்மீது பழி போட முடியாது.

தூண்டில்:
எக்ஸ்86 ப்ராசஸரில்கூட மெமரியில் எழுதும் ஸ்டோரை முந்திக்கொண்டு, படிக்கும் லோடு நடக்கலாம். நாளை வேறு சிப்புக்கு மாற்றினால் என்ன செய்வார்?

பழையகை:
அதற்கு வேறு இழை தொடங்குங்கள்.

மின்தடை47:
மெமரி கிளாபர் மெமரியைத் தொடும் செயல்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஐவாரில் எழுதுவது அதனால் இடம் மாறாது. வால் மெமரியில் இல்லாமல் ப்ராசஸருக்குள் உள்ள ரெஜிஸ்டரிலேயே இருப்பதால் வகுத்தலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஏவிஆரில் வகுத்தலுக்கெனக் கட்டளை கிடையாது. ஜிசிசியின் நூலகமான லிப்ஜிசிசியில் உள்ள துணை ரொட்டீன் லூப் போட்டுக் கணக்கிடுகிறது. அதையும் கம்பைலர் வெறும் ரெஜிஸ்டர் கணக்காகவே எடுத்துக்கொள்வதால், அந்த லூப் முடியும்வரை உங்கள் இன்டரப்ட்டுகள் காத்திருக்கின்றன.

சிஎல்ஐக்கு முந்தைய வரியில் காலியான ஒரு வோலட்டைல் அசெம்பிளியை வைத்து, வால் மாறியை அதற்கு ‘+ஆர்’ (ரெஜிஸ்டரில் படிக்கவும் எழுதவும்) ஆகக் கொடுங்கள். வோலட்டைல் அசெம்பிளிகள் தமக்குள் வரிசை மாறுவதில்லை. முதலாவதற்கு வால் தயாராக இருந்தாக வேண்டும் என்பதால் வகுத்தல் அதற்கு முன்பே முடிந்துவிடும். படிக்க மட்டுமான ‘ஆர்’ என்று கொடுக்காமல் ‘+ஆர்’ கொடுத்தால், வாலின் மதிப்பு அங்கே மாறியிருக்கலாம் என்று கம்பைலர் கருதும். பழைய கணக்கைக் கீழே மறுபடி போடவும் வழியிருக்காது.

கோடைமழை:
ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டால் போதாதா?

மின்தடை47:
இந்த வரிகளுக்காக நிரல் முழுவதையும் மெதுவாக்க வேண்டியதில்லை.

வயல்வரப்பு:
சேர்த்தேன். வகுத்தலுக்கான அழைப்பு இப்போது சிஎல்ஐக்கு மேலே இருக்கிறது. நன்றி.

மின்தடை47:
கம்பைலரின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். இதே சிக்கலோடு பின்னால் வருபவர்களுக்கு உதவும்.