ஏலத்தில் எடுத்தவர் ஏமாற்ற முனைந்தால் விற்றவருக்கு என்ன காப்பு?

உவர்மலைவாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருந்தபடி வெளிநாட்டு ஏலத்தளம் ஒன்றின் வழியாகப் பழைய இலங்கை முத்திரைகளையும் தபாலுறைகளையும் விற்று வருகிறேன். அவை இங்குள்ள கடற்படைத் தளத்தில் வேலை செய்த என் பெரியப்பா ஆயுள் முழுவதும் சேர்த்தவை. அவர் மறைந்த பின்னர் பெரியம்மாவின் மருந்துச் செலவுக்கு உதவட்டும் என்று, அவற்றை ஒவ்வொன்றாக ஏலத்தில் விடும் பொறுப்பை வீட்டார் என்னிடம் தந்திருக்கிறார்கள். ஆகவே இதில் நட்டம் ஏற்பட்டால் அது என் நட்டம் மட்டும் அல்ல.

1938 இல் வெளிவந்த ஆறாம் ஜோர்ஜ் மன்னர் வரிசையில், திருகோணமலைக் காட்சியைத் தாங்கிய ஒரு ரூபா முத்திரை ஒன்றை ஐரோப்பாவில் உள்ள ஒருவர் ஏலத்தில் எடுத்தார். பொதி அவர் கைக்குக் கிடைத்துவிட்டது என்று கண்காணிப்பு இலக்கம் காட்டுகிறது. ஒரு கிழமை கழித்து, முத்திரையின் மேல் ஓரத்தில் ஒரு பல் ஒடிந்திருப்பதாகவும், பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தால் இத்துடன் விட்டுவிடுவதாகவும், இல்லாவிட்டால் மோசமான கருத்து எழுதப்போவதாகவும் தகவல் அனுப்பியிருக்கிறார். நான் எடுத்து வைத்த ஸ்கேன் பிரதியில் எல்லாப் பற்களும் முழுமையாக இருக்கின்றன. இதற்கிடையில் வேறொரு தபாலுறையை, இருவர் மாறி மாறி விலையை ஏற்றிக் கேட்டார்கள். வென்றவர் இன்றுவரை பணம் செலுத்தவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை.

இத்தளங்களின் விதிகளை வாசிக்கும்போது வாங்குபவருக்கான காப்புகளே முன்னால் தெரிகின்றன. நேர்மையாக விற்பவர் எதைப் பற்றிக்கொண்டு நிற்பது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கிண்ணியா முத்திரைப்பிரியன்

சகோதரி, நீங்கள் தளத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. எனக்குப் பழக்கமானது ஈபே என்பதால் அதன் விதிகளை வைத்தே எழுதுகிறேன். மற்றத் தளங்களும் பெரும்பாலும் இவ்வழியிலேயே நடக்கின்றன என்றாலும், உங்கள் தளத்தின் காலக்கெடுக்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்யவேண்டியது, பாதிப் பணம் என்ற பேச்சுக்கு இடம் கொடாமல் இருப்பது. உண்மையிலேயே குறையுள்ள பொருளைப் பெற்ற ஒருவர் அதைத் திருப்பி அனுப்பி முழுப் பணத்தையும் பெறவே விரும்புவார். பொருளையும் வைத்துக்கொண்டு பணத்திலும் பாதியைக் கேட்பவரின் நோக்கத்தில் ஐயம் கொள்ள இடமுண்டு. எனவே, “நீங்கள் கூறும் குறை என் பதிவுகளில் இல்லை, ஆயினும் முத்திரையைக் கண்காணிப்பு இலக்கத்துடன் திருப்பி அனுப்பினால், அது வந்து சேர்ந்ததும் முழுத் தொகையையும் தருகிறேன்” என்று தளத்தின் செய்திப் பெட்டியிலேயே அமைதியாக எழுதிவிடுங்கள். வட்ஸ்அப்புக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். வெளியில் நடந்த உரையாடலைத் தளத்தின் நடுவர்கள் சான்றாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது. ஆனால் மோசமான கருத்து எழுதுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்பது ஈபேயில் விதி மீறல். அந்த மிரட்டல் தளத்துக்குள்ளேயே எழுத்தில் இருந்தால் அது உங்களுக்குச் சாதகமான சான்றாகிவிடும். அவர் முறைப்படி திருப்பி அனுப்பும் கோரிக்கையைத் தொடங்கினால், 3 வேலை நாட்களுக்குள் பதில் அளிக்காமல் விடாதீர்கள். அந்த அவகாசம் கடந்தால் வாங்கியவர் தளத்தையே தலையிடச் சொல்லலாம். பதில் அளிக்காதவரின் பக்கம் தீர்ப்பு சாய்வது அரிது.

அடுத்த ஆபத்து, திருப்பி அனுப்பப்படுவது நீங்கள் அனுப்பிய அதே முத்திரைதானா என்பது. நம்மைப்போல் முத்திரை விற்பவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. பாவிக்கப்பட்ட முத்திரை ஒவ்வொன்றிலும் தபாலகத்தின் வட்டக் குறி விழுந்திருக்கும் இடம் வேறு வேறாக இருக்கும். வட்டத்தின் விளிம்பு எந்தப் பல்லின் நேரே வெளியேறுகிறது, திகதியின் எந்த எழுத்து படத்தின் எந்தக் கோட்டின் மீது ஏறியிருக்கிறது என்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதே முத்திரையா மாற்றி வைத்ததா என்பதை ஐயமின்றிச் சொல்லிவிடலாம். இதற்காகவே நான் ஒவ்வொரு முத்திரையையும் கறுப்பு அட்டையின் மேல் வைத்து, பல்லளவி (ஓரப் பற்களின் நெருக்கத்தை அளக்கும் அட்டை) அருகில் தெரியும்படி, முன்பக்கமும் பின்பக்கமும் உயர் துல்லியத்தில் ஸ்கேன் செய்கிறேன். வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுத்த படத்தில் பற்களின் ஓரம் தாளோடு கலந்துவிடும். பிறகு ஒடிந்த பல் என்று யாராவது சொன்னால் மறுப்பதற்கு ஒன்றும் இருக்காது. நீங்கள் கூறும் 1938 வரிசையில் பல் எண்ணிக்கையைப் பொறுத்து விலை பல மடங்கு வேறுபடுவதால், மலிவான வகையைத் திருப்பி அனுப்பி அரிய வகையை வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அதில் வாய்ப்பு அதிகம். பொதியை ஒட்டுவதற்கு முன்னர் உள்ளிருப்பதையும் முகவரியையும் நிறையையும் ஒரே தொடர்ச்சியான காணொளியில் பதிந்துவிடுங்கள். திரும்பி வரும் பொதியைப் பிரிக்கும்போதும் அவ்வாறே செய்யுங்கள்.

இன்னொன்று. நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய முத்திரைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுவது இயல்பு. அவை எவ்வளவு சிறியனவாக இருந்தாலும் விவரத்தில் எழுதிவிடுங்கள். ஏமாற்ற நினைப்பவர் பிடித்துக்கொள்வது நாம் எழுதாமல் விட்ட இடத்தைத்தான்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்

பிள்ளை, கிண்ணியாத் தம்பி கூறியவற்றுடன் நான் உடன்படுகிறேன். தபால் தொடர்பான சிலவற்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

பதிவுத் தபாலுக்கும் ஈஎம்எஸ் விரைவுத் தபாலுக்கும் தரப்படும் இலக்கம் 13 குறிகள் கொண்டது: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இலங்கைக்கு உரிய எல்கே (LK) என்ற எழுத்துகள். பற்றுச்சீட்டில் அது தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கருமபீடத்தை விட்டு நகருவதற்கு முன்னரே பாருங்கள். சீட்டின் மை நாளடைவில் மங்கிவிடும் ஆகையால் அன்றே படம் எடுத்து வையுங்கள். சாதாரணக் கடிதமாக அனுப்பிக் கொஞ்சப் பணத்தை மிச்சம் பிடித்தால், “எனக்குக் கிடைக்கவில்லை” என்ற ஒரு வரிக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. ஈபேயில் 750 டொலரும் அதற்கு மேலும் பெறுமதியான பொருள் என்றால் பெற்றவரின் கையொப்பமும் காட்டவேண்டும்.

ஏலத்தளம் காட்டும் முகவரிக்கு மட்டுமே அனுப்புங்கள். பணம் செலுத்திய பின்னர், “நான் ஊரில் இல்லை, என் நண்பரின் முகவரிக்கு அனுப்புங்கள்” என்று கேட்பவருக்கு இணங்கினால், பொருள் சேர்ந்தாலும் அது சரியான இடத்திற்குச் சேரவில்லை என்றே கணக்கு வைக்கப்படும். உண்மையிலேயே முகவரி மாறியிருந்தால் அந்த விற்பனையை இரத்துச் செய்து, புதிய முகவரியுடன் மீண்டும் வாங்கச் சொல்வதே பாதுகாப்பு. அதேபோல, சுங்கப் பிரகடனப் படிவத்தில் பெறுமதியைக் குறைத்து, அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி கேட்பவர்களும் உண்டு. அது சட்டத்திற்கு மாறானது. அன்றியும், பொதி காணாமற்போனால் நீங்கள் எழுதிய அந்தச் சிறிய தொகையே உங்களுக்கு எதிராக நிற்கும்.

ஆனால், பொதி கிடைக்கவில்லை என்று எழுதுபவரை எல்லாம் மோசடிக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிருந்து புறப்படும் பொதி கொழும்புக்குச் சென்று, பரிமாற்ற நிலையத்தைக் கடந்து, அந்த நாட்டின் சுங்கத்தில் கிடந்து, பின்னரே வீடு சேர்கிறது. இடையில் நாட்கணக்கில் எந்தப் பதிவும் இல்லாமல் இருப்பது வழக்கம். அமெரிக்காவுக்கு 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கு 29 ஓகஸ்ட் 2025 முதல் நீக்கப்பட்டதால், தீர்வை கட்ட மனமின்றிப் பொதியை ஏற்க மறுப்பவர்களும் இருப்பார்கள். ஆகவே தீர்வை வாங்குபவருடைய பொறுப்பு என்பதை ஏல விவரத்திலேயே எழுதிவிட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிய பொதி உண்மையிலேயே காணாமற்போயிருந்தால், அனுப்பிய நாளின் மறுநாளில் இருந்து ஆறு மாதத்திற்குள் தபாலகத்தில் விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம். வாங்கியவர் முறைப்பாடு செய்த அன்றே அதைத் தொடங்கிவிடுங்கள்.

பழைய பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவோர் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டத்தையும் கவனிக்கவேண்டும். உங்கள் சேகரிப்பில் உள்ளவற்றுக்கு உரிமம் தேவையா என்பதைத் தொல்பொருளியல் திணைக்களத்திடம் கேட்டு, எழுத்தில் பதில் பெற்று வைத்திருங்கள்.

உவர்மலைவாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா கூறியபடி நாளையே திணைக்களத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். ஐரோப்பியருக்கான பதிலையும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே அனுப்பிவிட்டேன்.

பெரியப்பாவின் கமரா ஒன்றையும் உள்நாட்டு விளம்பரத் தளம் ஒன்றில் விலை கேட்கும்படி இட்டிருந்தேன். கண்டியில் இருந்து அழைத்த ஒருவர், கேட்ட விலைக்கு மேலேயே தருவதாகக் கூறி, வங்கிப் பரிமாற்றத்தின் படத்தை அனுப்பிவிட்டு, இன்று மாலையே பேருந்தில் பொதியை ஏற்றிவிடும்படி அவசரப்படுத்துகிறார். கணக்கில் இன்னும் பணம் வரவில்லை. இதையும் இங்கேயே கேட்கலாமா?

நிலாவெளிக் கமராக்காரன்

தங்கச்சி, தயவுசெய்து பொதியை ஏற்றிவிடாதீர்கள். நான் பாவித்த கமராக்களை வாங்கி விற்பவன். உள்நாட்டில் நடக்கும் ஏமாற்றுகளில் மிகவும் பழக்கமானது இதுதான்.

படம் என்பது பணம் அல்ல. வங்கிச் செயலியின் திரையைப்போலவே ஒரு படத்தைக் கைத்தொலைபேசியில் சில நிமிடங்களில் தயாரித்துவிடலாம். உண்மையான படமாக இருந்தாலும், அது பின்னொரு திகதிக்குக் குறித்து வைத்த பரிமாற்றமாக இருக்கலாம். பொதி புறப்பட்டதும் அதை இரத்துச் செய்துவிடுவார்கள். வங்கிகளுக்கு இடையிலான செவ்ட்ஸ் (CEFTS) முறையில் அனுப்பிய பணம் வழமையாக உடனுக்குடன் வந்து சேரும். ஸ்லிப்ஸ் (SLIPS) என்ற மற்றொரு வங்கிப் பரிமாற்ற முறையில் தாமதமாகலாம். எந்த முறையாக இருந்தாலும், அவர் அனுப்பிய படத்தையோ, உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்த குறுந்தகவலையோ நம்பாமல், உங்கள் கணக்கை நீங்களே திறந்து மீதியைப் பார்த்த பின்னரே பொருளைக் கையளியுங்கள். காசோலையைக் கணக்கில் இட்டிருந்தால், தீர்வாகும் வரை அந்தத் தொகையை எடுக்க முடியாது. அது திரும்பினால் தொகையும் மறைந்துவிடும்.

கேட்ட விலைக்கு மேல் தருகிறேன் என்பதையும் நன்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடுதலாக அனுப்பிவிட்டதாகச் சொல்லி, மிகுதியைத் திருப்பிக் கேட்பது அடுத்த கட்டம். பணத்தைப் பெறுவதற்கு உங்கள் கணக்கு இலக்கமும் பெயரும் கிளையும் போதும். அட்டையின் பின்னால் உள்ள மூன்று இலக்கத்தையோ, கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்பவர் பணம் தர வந்தவர் அல்ல. கண்டியில் இருப்பவர் உண்மையாகவே வாங்க விரும்பினால், அவரோ அவருடைய உறவினர் ஒருவரோ உங்கள் ஊருக்கு வந்து பார்த்து, திருகோணமலை அனுராதபுரச் சந்திக்கு அருகில் உள்ள வங்கி ஒன்றில் காசைக் கட்டிவிட்டு எடுத்துச் செல்லட்டும். விலை கொஞ்சம் குறைந்தாலும் கைமாற்றம் நேருக்கு நேர் நடக்கும்.

ஏமாற்றப்பட்டவர் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிடுவதால்தான் அதே தொலைபேசி இலக்கத்தில் இருந்து அடுத்தவருக்கும் அழைப்பு போகிறது. உள்நாட்டவர் என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்யமுடியும். ஏமாற்றுதல் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ்க் குற்றம். பிறருடைய அட்டை விவரங்களைக் கொண்டு செய்யப்படும் மோசடிக்கு 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் இருக்கிறது. பரிமாற்றப் படம், அழைத்த இலக்கம், உரையாடல்கள் எதையும் அழிக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கிண்ணியா முத்திரைப்பிரியன்

பணம் செலுத்தாதவரைப் பற்றி முன்னர் எழுதாமல் விட்டேன். ஈபேயில் வென்றவருக்கு 4 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்ததும், பணம் செலுத்தவில்லை என்ற காரணத்தைத் தெரிவுசெய்தே விற்பனையை இரத்துச் செய்யுங்கள். வேறு காரணத்தைக் குறித்தால் அவர் பெயரில் ஒரு பதிவும் ஏறாது. அடுத்த விற்பவரும் அறியமாட்டார். அதன்பின் அவரைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டு, இரண்டாவதாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலையிலேயே வாய்ப்பு அளிக்கலாம்.

ஆனால் அதற்கு முன்னர் ஏல வரலாற்றைப் பாருங்கள். இருவர் மாறி மாறி ஏற்றினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒருவர் குறைந்த விலை கேட்டதும், கூட்டாளி வேறு கணக்கில் இருந்து மற்ற எல்லோரையும் விரட்டும் அளவுக்கு மிக உயர்ந்த விலை கேட்டு, முடிவை அண்டி அதை மீளப் பெற்றுக்கொள்வது ஒரு பழைய தந்திரம். அப்போது முதலாமவர் மிகக் குறைந்த விலைக்கு வென்றுவிடுவார். ஈபேயில் கடைசி 12 மணித்தியாலத்தில், கேட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் மட்டுமே மீளப்பெறலாம் என்ற வரையறை இருப்பதால் இப்போது இது கடினமாகியுள்ளது. இருப்பினும் மீளப்பெறாமல், வென்றபின் பணம் செலுத்தாமல் விட்டுவிட்டு, அடுத்தவராகத் தாமே வந்து நிற்கும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. எனவே இரண்டாமவர் இதற்கு முன் இதே வென்றவருடன் வேறு ஏலங்களிலும் காணப்படுகிறாரா, இருவர் கணக்கும் அண்மையில் தொடங்கியவையா என்று பார்த்த பின்னரே வாய்ப்பு அளியுங்கள். சந்தேகம் இருந்தால் மீண்டும் ஏலத்தில் விடுவதே மேல். அப்போது தொடக்க விலையை, அதற்குக் குறைந்தால் பெரியம்மாவுக்கு நட்டம் என்று நீங்கள் கருதும் தொகையிலேயே வையுங்கள்.

வாங்குபவரின் நட்சத்திரங்களைப் பார்த்து ஏமாறவேண்டாம். 2008 முதல் ஈபேயில் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறைக் கருத்து எழுத முடியாது. ஆகவே எல்லா வாங்குநரும் நல்லவராகவே தோன்றுவார்கள். அவர் மற்ற விற்பவர்களுக்கு எழுதிய கருத்துகளைத் திறந்து பாருங்கள். வாங்கிய இடமெல்லாம் உடைவு, குறை, வந்து சேரவில்லை என்று எழுதி வருபவர் என்றால், அடுத்த ஏலம் முடிவதற்கு முன்னரே அவர் கேட்ட ஏல விலையை நீக்கித் தடைப்பட்டியலில் சேர்த்துவிடலாம். பணம் செலுத்தாமல் விட்ட பதிவு உள்ளவர்களும், நீங்கள் அனுப்பாத நாடுகளில் உள்ளவர்களும் ஏலம் கேட்கவே முடியாதபடி அமைப்புகளில் ஏற்பாடு உண்டு. அதை இன்றே இயக்கிவிடுங்கள்.

அந்த ஐரோப்பியர் தளத்தைவிட்டு நேரே தம் கடனட்டை வங்கியிடம் சென்று பணத்தை மீளக் கேட்கவும் கூடும். அதற்குப் பதில் அளிக்கத் தளம் தரும் அவகாசம் சில நாட்களே. ஸ்கேன் பிரதிகள், பொதியிடும் காணொளியில் இருந்து எடுத்த படங்கள், தபால் பற்றுச்சீட்டு, ஒப்படைத்த பதிவு, மிரட்டல் செய்தி ஆகியவற்றை ஒரே கோப்புறையில் திகதி வாரியாக அடுக்கி வைத்திருந்தால், அறிவித்தல் வந்த அன்றே அனுப்பிவிடலாம். அவர் முத்திரையைத் திருப்பி அனுப்பினால், பிரிப்பதற்கு முன் ஒரு சொல் எழுதுங்கள். இரு ஸ்கேன்களையும் ஒப்பிட்டுப் பார்க்க நான் உதவுகிறேன்.