குறளில் ஒரே விதை குன்றிமணியா? துணுக்குத் தேர்வில் நடந்த வாக்குவாதங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்தில் வரும் ‘உங்களுக்குத் தெரியுமா?’ பகுதிக்குத் துணுக்கு தேர்ந்தெடுத்த அனுபவங்களை எல்லோரும் எழுதுகிறீர்கள். என்னுடையது திருக்குறள் பஞ்சாயத்து.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், “திருக்குறளில் இடம்பெறும் ஒரே விதை குன்றிமணி” என்று முன்மொழிந்தார். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். ஒரே பழம் நெருஞ்சிப் பழம், இரண்டு மலர்கள் அனிச்சமும் குவளையும், இரண்டு மரங்கள் பனையும் மூங்கிலும் என்று அந்த வரிசை நீளும். வழிகாட்டி நூல் ஒன்றையும் சான்றாகக் கொடுத்திருந்தார். சான்றுதான் இருக்கிறதே என்று சிலர் ஆதரவும் போட்டுவிட்டார்கள்.

பேச்சுப் பக்கத்தில் ஒரு தமிழாசிரியை வந்து, “889ஆம் குறளைப் பாருங்கள்” என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். ‘எட்பக வன்ன சிறுமைத்தே ஆயினும்’ என்று தொடங்கும் குறள். உட்பகை எள்ளின் பிளவளவு சிறியதானாலும் கேடு அதில் உண்டு என்கிறது. எள் விதை இல்லாமல் வேறென்ன? அப்புறம் தினை வந்தது. அது தானியம், விதைக் கணக்கில் வராது என்று தம்பி வாதாடினார். விதைத்தால் முளைக்காதா என்று ஒருவர் திருப்பிக் கேட்டார்.

அதோடு நிற்கவில்லை. பனையும் மூங்கிலும் மரமா என்று இன்னொரு பேச்சு கிளம்பியது. புறத்தே வைரம் பாய்ந்தது புல், அகத்தே வைரம் பாய்ந்தது மரம் என்கிறது தொல்காப்பிய மரபியல். அந்தக் கணக்கில் இரண்டுமே புல்! தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது.

கடைசியில் தம்பியே வேறொன்று எழுதிக் கொண்டுவந்தார்: சிறிய அளவுக்குத் தினையையும் பெரிய அளவுக்குப் பனையையும் 104, 433, 1282 ஆகிய மூன்று குறள்கள் சேர்த்துச் சொல்கின்றன. யாரும் மறுக்கவில்லை. இருக்கிறது என்று சொல்ல மூன்று குறள் போதும். வேறு எதுவும் இல்லை என்று சொல்ல 1330ஐயும் புரட்ட வேண்டும். ‘ஒரே’, ‘முதல்’, ‘மிகப் பெரிய’ என்று வரும் துணுக்குகளை நான் இப்போது சந்தேகக் கண்ணோடுதான் திறக்கிறேன்.

மறுமொழி 1

எங்களுக்கு வாய்த்தது தஞ்சைப் பெரிய கோயில். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். நிழல் நன்றாகவே விழும். விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் இருந்த படத்தையே எடுத்துக் காட்டினோம். “அது விமானத்தின் நிழல், உச்சியின் நிழல் விழாது” என்றார் முன்மொழிந்தவர். அதற்கும் படம் காட்டியதும், “நண்பகலில் விழாது என்றுதான் சொன்னேன்” என்றார். அடி அகன்று மேலே குறுகும் கட்டடம், வெயில் உச்சிக்கு வந்தால் நிழல் அதன் மேலேயே விழத்தானே செய்யும்?

சுவாரசியமான செய்தி அந்தக் கோயில் சுவரிலேயே இருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டு. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வீட்டு முகவரிகள் கையில் இருக்க, நிழலுக்கு எதற்குச் சண்டை என்று அதையே போட்டோம். நிழல்காரர் இன்னும் சமாதானமாகவில்லை.

மறுமொழி 2

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. இப்படி வடிகட்டிக்கொண்டே போனால் சாரமும் சேர்ந்து போய்விடும். ஆங்கிலப் பதிப்பில் 200 எழுத்துகளுக்குள் துணுக்கை முடிக்க வேண்டும். அதற்குள் “சிலரின் கருத்துப்படி”, “பொதுவாக நம்பப்படுகிறது” எல்லாம் நுழைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? நான் அங்கே கொடுத்த ஒன்றுக்கு மாற்று வடிவம் மேல் மாற்று வடிவமாக வந்து, கடைசியில் ஊரும் ஆண்டும்தான் தேறின. வாசிக்கிறவருக்குக் கொட்டாவிதான் வரும்.

ஆனால் ஏப்ரல் 1 அன்று அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. செய்தி முழுக்க உண்மையாக இருக்கும், சொல்லும் விதத்தில் மட்டும் குறும்பு செய்து வாசகரை ஏமாற்றுவார்கள். சான்று கேட்கிறவர்களுக்கும் நிம்மதி, சுவை கேட்கிறவர்களுக்கும் நிம்மதி. நம்மிடமும் அப்படி ஒரு நாள் வைத்தால் யார் யார் எழுத வருகிறீர்கள்?